சி நிரல்களில் கட்டளை வரி ஆப்ஷன்களைக் கையாளும் முறை

கட்டளை வரியில் இயங்கும் ஒரு நிரலைப் பயன்படுத்துபவர் அதன் மூல நிரலைப் படிப்பதில்லை. கட்டளையோடு சேர்த்துத் தட்டும் ஆப்ஷன்களின் வழியாக மட்டுமே அதனுடன் பேசுகிறார். அவர் தட்டிய கட்டளையை நிரல் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், அல்லது புரியவில்லை என்று தெளிவாகச் சொல்லி நின்றுவிட வேண்டும். பாதி புரிந்துகொண்டு மீதியை ஊகித்து இயங்கும் நிரல், பிழை காட்டி நிற்கும் நிரலைவிட ஆபத்தானது; ஏனெனில் அது தவறான கோப்பை அழித்த பிறகும் வெற்றி என்றே அறிவிக்கும். சி மொழியில் இந்தப் பகுதியை எப்படி ஒழுங்காக எழுதுவது என்பதைக் ஆப்ஷன்களைப் படித்துத் தரும் கெட்ஆப்ட் என்ற நூலகச் செயற்கூற்றை மையமாக வைத்து இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ‘முதல்வரி’ என்ற சிறிய நிரல் ஒன்றை வைத்துக்கொள்வோம். கொடுக்கப்படும் ஒவ்வொரு கோப்பின் முதல் சில வரிகளை அது அச்சிடும். எத்தனை வரிகள் என்பதை -என் ஆப்ஷனும், வெளியீட்டை எழுத வேண்டிய கோப்பை -ஓ ஆப்ஷனும் குறிக்கும். கோப்பின் பெயரைத் தலைப்பாகக் காட்டாமல் இருக்க -கியூ பயன்படும். நிரலில் தட்டும்போது இவை ஒவ்வொன்றும் ஒற்றைச் சிறிய ஆங்கில எழுத்து. இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். செயற்கூறுகள், மாறிகள் ஆகியவற்றின் பெயர்களுக்கும் இதே முறைதான்.

நிரலின் கைக்கு வருவது என்ன

தட்டிய கட்டளையைப் படித்து நிரலை இயக்கும் ஷெல் தன் வேலையை முடித்த பிறகுதான் நம் நிரல் தொடங்குகிறது. மேற்கோள் குறிகளை நீக்குவது, நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது, மாறிகளுக்கு அவற்றின் மதிப்பை இடுவது ஆகிய அனைத்தும் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். மெயின் செயற்கூற்றுக்கு வந்து சேர்வது ஆர்க்சி என்ற ஒரு முழு எண்ணும், ஆர்க்வி என்ற சரங்களின் அணியும் மட்டுமே. அணியின் சுழியாவது உறுப்பு வழக்கமாக நிரலின் பெயராக இருக்கும். கடைசிச் சரத்துக்கு அடுத்த இடத்தில் நல் சுட்டு இருக்கும் என்று சி மொழியின் தரநிலை உறுதியளிக்கிறது.

‘வழக்கமாக’ என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. ஆர்க்சியின் மதிப்பு சுழியாகவும் இருக்கலாம் என்பதைத் தரநிலை அனுமதிக்கிறது. வேறொரு நிரலை உயர் அதிகாரத்துடன் இயக்க உதவும், லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் பிகேஎக்ஸெக் என்ற நிரல் இதை எதிர்பார்க்காமல், முதலாவது உறுப்பிலிருந்து நேரடியாகப் படிக்கத் தொடங்கியது. ஆர்க்சி சுழியாக இருக்கும்போது அந்த இடத்தில் இருப்பது ஆர்க்வியின் உறுப்பு அல்ல. நினைவகத்தில் அதை அடுத்து வைக்கப்பட்டிருக்கும் சூழல் மாறிகளின் பட்டியல். 2009 முதல் இருந்துவந்த அந்தக் குறையைக் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதைக் கொண்டு கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரத்தைப் பெற முடிந்தது. லினக்ஸ் கெர்னலின் 5.18 ஆம் பதிப்பிலிருந்து வெற்று ஆர்க்வியுடன் எந்த நிரலையும் தொடங்க இயலாது. ஆயினும், பிழைச் செய்தியில் நிரலின் பெயரைக் காட்டுவதற்காக ஆர்க்வியின் சுழியாவது உறுப்பை எடுக்கும் முன், ஆர்க்சி சுழியைவிடப் பெரியதா என்று ஒரு வரியில் சோதிப்பதற்குப் பெரிய உழைப்பு எதுவும் தேவையில்லை.

ஏன் கையால் எழுதக் கூடாது

ஆர்க்வியை ஒரு ஃபார் மடக்கில் சுற்றி, ஒவ்வொரு சரத்தையும் ஸ்ட்ர்கம்ப் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி. இரண்டு ஆப்ஷன்கள் வரை அது வேலை செய்வதுபோலவே தெரியும். ஆனால் யூனிக்ஸ் பழகியவர் ஒரே கட்டளையைப் பல வடிவங்களில் தட்டுவார். வரிகளின் எண்ணிக்கையை -என் 5 என்று இடைவெளி விட்டும், -என்5 என்று சேர்த்தும் தருவார். மதிப்பு தேவைப்படாத ஆப்ஷனை மற்றொன்றோடு ஒட்டி -கியூஎன் 5 என்றும் எழுதுவார். இரண்டு இடைக்கோடுகள் மட்டும் கொண்ட சரத்தைத் தந்தால், அதற்குப் பின் வருபவை அனைத்தும் கோப்புப் பெயர்களாகவே கொள்ளப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஒற்றை இடைக்கோடு மட்டும் தனியாக வந்தால் அது ஆப்ஷன் அல்ல. ஸ்டேண்டர்ட் இன்புட்டிலிருந்து படி என்பதே அதன் பொருள்.

இவை ஆளுக்கொரு விதமான பழக்கங்கள் அல்ல. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரநிலையின் 12 ஆம் அத்தியாயத்தில் 14 வழிகாட்டு நெறிகளாக இவை எழுதப்பட்டுள்ளன. இந்த நெறிகள் எல்லாவற்றையும் கையால் எழுதிய மடக்கில் நிறைவேற்றுவது கடினம். நிறைவேற்றினாலும், முன்பே எழுதிச் சோதிக்கப்பட்ட ஒன்றை மீண்டும் எழுதியதாகவே அது முடியும். கெட்ஆப்ட் செயற்கூற்றின் மூல நிரலை ஏடி அண்டு டி நிறுவனம் 1985 இல் டாலஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் பொதுவுடைமையாக வெளியிட்டது. பின்னர் அது பாசிக்ஸ் தரநிலையிலும் இடம்பெற்றது. டிடி, பிஎஸ், டார் போன்ற பழைய கட்டளைகள் தங்களுக்கென்று தனி வடிவங்களை வைத்திருப்பது உண்மைதான். அவை இந்த நெறிகள் உறுதிப்படும் முன்பே பிறந்தவை. புதிதாக எழுதப்படும் நிரலுக்கு அவை முன்மாதிரி ஆகா.

கெட்ஆப்ட்டை அழைத்தல்

கெட்ஆப்ட் செயற்கூற்றின் அறிவிப்பு யுனிஎஸ்டிடி என்ற தலைப்புக் கோப்பில் உள்ளது. நிரல்பெயர்ப்பிக்கு (கம்பைலர்) சி மொழியின் தூய தரநிலையைப் பின்பற்றச் சொல்லி, சி99 அல்லது சி11 என்ற அமைப்பைத் தந்திருந்தால், பாசிக்ஸ் செயற்கூறுகள் மறைக்கப்பட்டு, ‘அறிவிக்கப்படாத செயற்கூறு’ என்ற எச்சரிக்கையோ பிழையோ வரும். அப்போது எந்தத் தலைப்புக் கோப்பையும் சேர்ப்பதற்கு முன்னால், பாசிக்ஸ் சி சோர்ஸ் என்ற மேக்ரோவை 200809 என்ற மதிப்புடன் வரையறுத்துவிட வேண்டும்.

செயற்கூறு மூன்று மதிப்புகளை ஏற்கிறது: ஆர்க்சி, ஆர்க்வி, ஆப்ஷன் சரம். நம் நிரல் ஏற்கும் எழுத்துகளை எந்த இடைவெளியும் இல்லாமல் வரிசையாக எழுதுவதே ஆப்ஷன் சரம். எந்த எழுத்துக்கு மதிப்பு தேவையோ அதை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இட வேண்டும். முதல்வரி நிரலுக்கு என், முக்காற்புள்ளி, ஓ, முக்காற்புள்ளி, கியூ என்று எழுதினால் போதும். இந்தச் சரத்தின் தொடக்கத்திலேயே மேலும் ஒரு முக்காற்புள்ளியைச் சேர்ப்பதை நான் வலியுறுத்துவேன். அது இருந்தால் கெட்ஆப்ட் தானாகப் பிழைச் செய்தி எதையும் அச்சிடாது. அத்துடன் தெரியாத ஆப்ஷன், மதிப்பு விடுபட்ட ஆப்ஷன் ஆகிய இரு பிழைகளையும் வேறுபடுத்திச் சொல்லும். பிழைச் செய்திகளைத் தமிழில் தர விரும்புவோருக்கும் இதுவே வழி.

ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் கெட்ஆப்ட் அடுத்த ஆப்ஷனின் எழுத்தைத் திருப்பித் தரும். ஆப்ஷன்கள் தீர்ந்ததும் -1 தரும். ஆகவே, திரும்பி வரும் மதிப்பு -1 ஆகாத வரை சுற்றும் ஒரு வைல் மடக்கும், அதற்குள் ஒரு சுவிட்சும் எழுத வேண்டும். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். திரும்பி வரும் மதிப்பை இண்ட் வகை மாறியில்தான் ஏற்க வேண்டும். எழுத்துதானே என்று கேர் வகை மாறியில் ஏற்கக் கூடாது. எக்ஸ்86 கணினிகளில் கேர் வகை குறியுள்ளதாக இருப்பதால் தவறு வெளியே தெரியாது. ஏஆர்எம் கணினிகளில் இயங்கும் லினக்ஸில் கேர் வகை குறியற்றது. அங்கே -1 என்பது 255 ஆக மாறி, ஒப்பீடு எப்போதும் பொய்த்து, மடக்கு முடிவில்லாமல் சுற்றும். மடிக்கணினியில் நன்றாக ஓடிய நிரல் ராஸ்பெரி பையில் உறைந்து நிற்பதற்கு இது ஓர் உண்மையான காரணம்.

சுவிட்சுக்குள் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு கேஸ் எழுதுவோம். மதிப்புள்ள ஆப்ஷன்களுக்கு அந்த மதிப்பை ஆப்ட்ஆர்க் என்ற பொது மாறி சுட்டிக்கொண்டிருக்கும். அது ஆர்க்வியின் நினைவகத்துக்குள்ளேயே சுட்டுவதால், நிரல் முடியும்வரை அந்தச் சரம் அங்கேயே இருக்கும். நகல் எடுக்க வேண்டிய தேவையும் இல்லை, விடுவிக்க வேண்டிய தேவையும் இல்லை. தெரியாத எழுத்து வந்தால் வினாக்குறி திரும்பும். மதிப்பு விடுபட்டிருந்தால் முக்காற்புள்ளி திரும்பும். இரண்டு சூழலிலும் பிழைக்குக் காரணமான எழுத்து ஆப்ட்ஆப்ட் என்ற மாறியில் இருக்கும். இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கேஸ் எழுதி, எந்த எழுத்தில் என்ன குறை என்பதைச் செய்தியில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேஸின் முடிவிலும் பிரேக் இருக்கிறதா என்பதை உறுதிசெய்யுங்கள். விடுபட்டால் ஓர் ஆப்ஷன் அடுத்ததையும் சேர்த்து இயக்கிவிடும்.

மடக்கின் உள்ளே வேலை எதையும் செய்யத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. -ஓ வந்த உடனேயே கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினால், அதற்குப் பின்னால் தவறான ஆப்ஷன் ஒன்று வரும்போது, பழைய கோப்பின் உள்ளடக்கம் ஏற்கெனவே அழிந்துபோயிருக்கும். எனவே வரிகளின் எண்ணிக்கை, வெளியீட்டுக் கோப்பின் பெயர், தலைப்பு வேண்டுமா என்ற குறி ஆகியவற்றை உறுப்புகளாகக் கொண்ட ஒரு கட்டுருவை (ஸ்ட்ரக்ட்) வரையறுத்து, அதற்கு இயல்பு மதிப்புகளை முதலிலேயே இட்டு, மடக்குக்குள் அந்த உறுப்புகளை மட்டும் மாற்றுவதே நல்லது. முதல்வரி நிரலில் எண்ணிக்கையின் இயல்பு மதிப்பு 10. வெளியீட்டுக் கோப்பின் பெயர் நல். ஒரே ஆப்ஷன் இருமுறை வந்தால் கடைசியாக வந்ததே நிற்கும். ஷெல்லில் அலியாஸ் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது அதை மீறும் பழக்கமுள்ளவர்களுக்கு அது மிகவும் உதவும்.

எண்களை மாற்றுதல்

நான் படித்த சி நிரல்களில் ஆப்ஷன் தொடர்பான குறைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருந்தன. ஆப்ட்ஆர்க் தருவது எண் அல்ல, சரம். அதை ஏ-டு-ஐ செயற்கூற்றிடம் கொடுத்தால், ‘ஐந்து’ என்று தட்டினாலும் சுழி, ‘0’ என்று தட்டினாலும் சுழி. இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. ‘5கேபி’ என்று தந்தால் முதல் இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இண்ட் வகையில் அடங்காத பெரிய எண்ணைத் தந்தால் என்ன நடக்கும் என்பதைத் தரநிலை வரையறுக்கவே இல்லை. ஆகவே பயன்படுத்துபவரிடமிருந்து வரும் எந்தச் சரத்துக்கும் ஏ-டு-ஐ பொருந்தாது.

அதற்குப் பதிலாக, சரத்தை லாங் வகை எண்ணாக மாற்றும் ஸ்ட்ர்-டு-எல் செயற்கூற்றைப் பயன்படுத்த வேண்டும். அதைச் சரியாகப் பயன்படுத்த நான்கு சோதனைகள் தேவை. அழைப்பதற்கு முன், பிழை எண்ணைத் தாங்கும் எர்நோ மாறியில் சுழியை இட வேண்டும். ஏனெனில் வெற்றி பெற்ற அழைப்பு எதுவும் அதைத் தானாகத் துடைப்பதில்லை. அழைத்த பின், படிப்பு நின்ற இடத்தைக் காட்டும் முடிவுச் சுட்டு சரத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். நின்றிருந்தால் ஓர் இலக்கம்கூட இல்லை என்று பொருள். முடிவுச் சுட்டு இருக்கும் இடத்தில் சரத்தின் இறுதியைக் குறிக்கும் சுழி பைட் இல்லையென்றால், எண்ணுக்குப் பின் வேறு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எர்நோவில் ஈரேஞ்ச் இருந்தால் எண் லாங் வகைக்குள் அடங்கவில்லை. இவை அனைத்தையும் கடந்த பிறகே நம் நிரலுக்குரிய எல்லையைச் சோதிக்க வேண்டும். முதல்வரி நிரலில் எண்ணிக்கை 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அதை இண்ட் வகையில் வைத்திருந்தால் அந்த வகையின் மிகப் பெரிய எண்ணான இண்ட்மேக்ஸைத் தாண்டவும் கூடாது.

ஸ்ட்ர்-டு-எல்லுக்கு எண்முறையின் அடிமானமாக (பேஸ்) 10 என்பதையே தாருங்கள். சுழியைத் தந்தால் எண்ணின் முன்னொட்டைப் பார்த்து அடிமானத்தைச் செயற்கூறே முடிவுசெய்யும். அப்போது ‘010’ என்பது எட்டு என்று கொள்ளப்படும். மற்றொரு பொறி, குறியற்ற எண்ணுக்கான ஸ்ட்ர்-டு-யுஎல். எதிர்மறை எண்ணைத் தந்தாலும் அது மறுக்காது. ‘-1’ என்று தட்டினால் அன்சைன்டு லாங் வகையின் மிகப் பெரிய எண் கிடைக்கும், பிழையும் காட்டப்படாது. எதிர்மறை கூடாது என்றால், குறியுள்ள வகையில் மாற்றிக்கொண்டு எல்லையைச் சோதிப்பதே பாதுகாப்பானது. இத்தனை சோதனைகளையும் ஒவ்வொரு ஆப்ஷனிலும் திரும்பத் திரும்ப எழுதாமல், சரம், கீழெல்லை, மேலெல்லை ஆகியவற்றை ஏற்று, வெற்றியா தோல்வியா என்று சொல்லும் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதிக்கொண்டால் நிரல் முழுவதற்கும் அது போதும்.

சரமாகவே பயன்படும் மதிப்புகளுக்கும் சோதனை வேண்டும். மதிப்பு தேவைப்படும் ஆப்ஷனுக்குப் பின் எது வந்தாலும், அது இடைக்கோட்டில் தொடங்கினாலும்கூட, கெட்ஆப்ட் அதை மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் -ஓ ஆப்ஷனுக்குப் பின் ஒரு மாறியை மேற்கோள் குறி இல்லாமல் எழுதி, அந்த மாறி வெறுமையாக இருந்துவிட்டால், ஷெல் அதை முற்றிலும் நீக்கிவிடும். அடுத்து நின்ற -கியூ வெளியீட்டுக் கோப்பின் பெயராக மாறி, அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பு உருவாகும். மேற்கோள் குறி இருந்தால் வெற்றுச் சரம் வந்து சேரும். வெற்றுச் சரத்தை உடனே மறுத்துவிடலாம். இடைக்கோட்டில் தொடங்கும் பெயரை மறுப்பது அவரவர் முடிவு. வெளியீட்டுக் கோப்பு என்றால் நான் மறுத்துவிடுவேன், வேண்டுபவர் புள்ளியும் சாய்கோடும் முன்னால் சேர்த்து அதே பெயரைத் தர முடியும்.

மடக்குக்குப் பிறகு

கெட்ஆப்ட் -1 தந்தவுடன், ஆப்ட்இண்ட் என்ற மாறி ஆர்க்வியில் முதல் கோப்புப் பெயர் இருக்கும் இடத்தைச் சுட்டும். அதிலிருந்து ஆர்க்சிக்கு முந்தைய இடம் வரை உள்ளவை கோப்புகள். எதுவும் மீதமில்லை என்றால் ஸ்டேண்டர்ட் இன்புட்டிலிருந்து படிப்பது யூனிக்ஸ் வழக்கம். பெயர் வெறும் இடைக்கோடாக இருந்தாலும் அதுவே. இந்த வழக்கம் நம் நிரலுக்குப் பொருந்தாது என்றால், கோப்பு தேவை என்று சொல்லி முடித்துவிட வேண்டும்.

ஒன்றுக்கொன்று முரணான ஆப்ஷன்களைச் சோதிக்கும் இடமும் இதுதான். மடக்குக்குள் சோதித்தால், ஆப்ஷன்கள் வந்த வரிசையைப் பொறுத்து முடிவு மாறும். எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு கட்டுருவைப் பார்த்துச் சோதித்தால், வரிசை எதுவாயினும் ஒரே விடை கிடைக்கும். அதன் பின்னரே கோப்புகளைத் திறக்க வேண்டும்.

நீண்ட பெயருள்ள ஆப்ஷன்கள்

ஒற்றை எழுத்துகள் கையால் தட்டுவதற்கு ஏற்றவை. ஆறு மாதம் கழித்து ஸ்கிரிப்டைப் படிப்பவருக்கு --லைன்ஸ், --அவுட்புட் போன்ற நீண்ட பெயர்களே விளங்கும். இவற்றுக்குக் குனு திட்டத்தின் சி நூலகம் (குனு நூலகம்) தரும் கெட்ஆப்ட்_லாங் செயற்கூறு உள்ளது. இது பாசிக்ஸில் இல்லை. ஆயினும் குனு நூலகத்திலும், மசல் என்ற மற்றொரு சி நூலகத்திலும், பிஎஸ்டி குடும்பத்திலும், மேக்ஓஎஸ்ஸிலும் கிடைக்கிறது. இதற்கான தலைப்புக் கோப்பின் பெயர் கெட்ஆப்ட். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சி நூலகம் கெட்ஆப்ட், கெட்ஆப்ட்_லாங் இரண்டையுமே தருவதில்லை. மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 அல்லது சிக்வின் வழியாகப் பெறலாம்.

ஒவ்வொரு நீண்ட ஆப்ஷனையும் நான்கு உறுப்புள்ள கட்டுரு ஒன்று விவரிக்கிறது: பெயர், மதிப்பு தேவையா என்ற குறிப்பு, ஒரு சுட்டு, ஒரு முழு எண். சுட்டு நல் ஆக இருந்தால், அந்த ஆப்ஷன் வரும்போது நான்காம் உறுப்பான முழு எண் திருப்பித் தரப்படும். --லைன்ஸுக்கு அந்த எண்ணாக என் எழுத்தையே தந்துவிட்டால், குறுகிய வடிவத்துக்கு எழுதிய கேஸே நீண்ட வடிவத்துக்கும் பயன்படும். குறுகிய வடிவம் இல்லாத ஆப்ஷன்களுக்கு, எந்த எழுத்தோடும் மோதாதபடி 256 இலிருந்து தொடங்கும் ஈனம் மாறிலிகளை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுருக்களின் அணியில் கடைசி உறுப்பு முழுவதும் சுழியாக இருக்க வேண்டும்; அதை மறந்தால் நூலகம் அணியின் எல்லையைத் தாண்டிப் படிக்கும்.

மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற வகை ஆப்ஷனும் உண்டு. எல்எஸ், கிரெப் ஆகியவற்றின் --கலர் அப்படிப்பட்டது. அந்த வகையில் மதிப்பைச் சமக்குறியோடு ஒட்டியே தர வேண்டும். இடைவெளி விட்டால் அது கோப்புப் பெயராகக் கொள்ளப்படும். மற்ற ஆப்ஷன்களில் இரண்டு வடிவமும் செல்லும்போது இதில் மட்டும் ஒன்று செல்லாது என்பது பயன்படுத்துபவருக்குப் புரியாது. பாசிக்ஸின் ஏழாம் நெறி இந்த வகையைத் தவிர்க்கவே சொல்கிறது. நானும் அதையே சொல்வேன்.

கெட்ஆப்ட்_லாங் சுருக்கங்களையும் ஏற்கும். --லைன்ஸ் என்பதை, வேறு எதனோடும் குழப்பம் வராத வரை, அதன் முதல் சில எழுத்துகளால் மட்டுமே தட்டலாம். கையால் தட்டுபவருக்கு இது வசதி. ஆனால் ஸ்கிரிப்டில் சுருக்கத்தை எழுதிவைத்தவருக்கு, நாம் அடுத்த பதிப்பில் அதே எழுத்துகளில் தொடங்கும் புதிய ஆப்ஷன் ஒன்றைச் சேர்த்தவுடன், ஸ்கிரிப்ட் முறியும். ஸ்கிரிப்டுகளில் முழுப் பெயரையே எழுதுமாறு உதவிக் குறிப்பில் சொல்லிவைப்பது நல்லது. தெரியாத நீண்ட ஆப்ஷன் வரும்போது ஆப்ட்ஆப்ட் சுழியாக இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அப்போது ஆர்க்வியில் ஆப்ட்இண்ட்டுக்கு முந்தைய இடத்தில் உள்ள சரத்தைச் செய்தியில் காட்ட வேண்டும்.

ஆப்ஷன்கள் கோப்புப் பெயர்களுக்குப் பின்னால் வந்தால்

இந்தக் கேள்விக்கு நூலகங்கள் ஒரே விடை தருவதில்லை. பாசிக்ஸ் நெறிப்படி ஆப்ஷன்கள் அனைத்தும் முன்னால் வர வேண்டும். முதல் கோப்புப் பெயரைக் கண்டதும் கெட்ஆப்ட் நின்றுவிடும். குனு நூலகமோ ஆர்க்வியின் உறுப்புகளை இடம் மாற்றி, ஆப்ஷன்களை எங்கிருந்தாலும் முன்னால் கொண்டுவந்துவிடும். ஆகவே

முதல்வரி பட்டியல் -கியூ

என்ற கட்டளை, குனு நூலகத்தைக் கொண்ட உபுண்டுவில் எதிர்பார்த்தபடி இயங்கும். மசல் நூலகத்தைக் கொண்ட ஆல்பைன் லினக்ஸில், நிரல் கெட்ஆப்ட்டைப் பயன்படுத்தியிருந்தால், ‘-கியூ’ என்ற கோப்பைத் தேடும். ஆல்பைனைக் கொண்ட டாக்கர் பெட்டகத்துக்குள் மட்டும் ஒரு ஸ்கிரிப்ட் தவறுவதற்கு இது காரணமாகலாம். உதவிக் குறிப்பிலும் எடுத்துக்காட்டுகளிலும் ஆப்ஷன்களை எப்போதும் முன்னால் எழுதிக் காட்டினால் எல்லா இடங்களிலும் ஒரே விடை வரும்.

நம் நிரல் வேறொரு நிரலை இயக்குவது என்றால், இடமாற்றத்தை நிறுத்தியே ஆக வேண்டும். டைம்அவுட் கட்டளையிடம் ஐந்து நொடிக்குள் எல்எஸ் -எல் இயங்கட்டும் என்று சொல்லும்போது, அந்த -எல் எல்எஸ்ஸுக்கு உரியது. டைம்அவுட் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு ஆப்ஷன் சரத்தின் முதல் குறியாகக் கூட்டல் குறியை இட வேண்டும். பிழைகளைப் பிரித்தறியும் முக்காற்புள்ளி அதற்கு அடுத்து வரும். கிட் போல உட்கட்டளைகள் கொண்ட நிரலிலும் இதே முறையால் பொது ஆப்ஷன்களை முதலில் படித்துவிட்டு, உட்கட்டளைக்குரியவற்றை மறுபடியும் கெட்ஆப்ட் கொண்டு படிக்கலாம். மறுபடி தொடங்கும் முன் ஆப்ட்இண்ட்டைக் குனு நூலகத்தில் சுழியாகவும், பிஎஸ்டி அமைப்புகளில் 1 ஆகவும் மாற்ற வேண்டும். பின்னவற்றில் ஆப்ட்ரீசெட் என்ற மாறியிலும் 1 இட வேண்டும். நிலை முழுவதும் பொது மாறிகளில் இருப்பதால், பல திரெட்களிலிருந்து கெட்ஆப்ட்டை அழைக்கக் கூடாது.

செய்திகளும் முடிவு எண்ணும்

உதவி கேட்டு --ஹெல்ப் தட்டியவருக்கு உதவிக் குறிப்பை ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில் அச்சிட்டு, சுழி என்ற முடிவு எண்ணுடன் முடிக்க வேண்டும். அவர் அதை லெஸ் கட்டளைக்குக் குழாய் வழியே அனுப்பிப் படிக்கக்கூடும். தவறாகத் தட்டியவருக்கோ, என்ன தவறு என்ற ஒரு வரியையும் --ஹெல்ப் பார்க்கும்படியான ஒரு வரியையும் ஸ்டேண்டர்ட் எரரில் அச்சிட்டு, சுழி அல்லாத எண்ணுடன் முடிக்க வேண்டும். முழு உதவியையும் அந்த இடத்தில் கொட்டினால் உண்மையான பிழை அதற்குள் மறைந்துபோகும். கிரெப் கட்டளையில் 1 என்பது எதுவும் அகப்படவில்லை என்பதையும் 2 என்பது பிழையையும் குறிக்கிறது. நம் நிரலிலும் 1 என்பதற்கு அதுபோன்ற பொருள் உண்டு என்றால், தவறான பயன்பாட்டுக்கு 2 தருவது பொருத்தம். பிஎஸ்டி மரபில் இதற்கு 64 என்ற எண் உண்டு. -ஹெச் என்ற எழுத்தை உதவிக்கென்று ஒதுக்கும் முன் சற்று யோசியுங்கள். எல்எஸ், டியூ, டிஎஃப் ஆகியவற்றில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது.

கடவுச்சொல்லை ஆப்ஷனின் மதிப்பாக ஏற்கும் வசதியை மட்டும் தரவே தராதீர்கள். கட்டளை வரி முழுவதும் பிஎஸ் கட்டளையிலும், லினக்ஸின் ப்ராக் அடைவில் அந்தச் செயலாக்கத்துக்குரிய சிஎம்டிலைன் கோப்பிலும், அதே கணினியின் பிற பயனர்களுக்கு வழக்கமாகத் தெரியும்; ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் தங்கிவிடும். கடவுச்சொல் இருக்கும் கோப்பின் பெயரை ஏற்று, அந்தக் கோப்பைப் படிப்பது இதற்கு மாற்று.

சோதித்தல்

ஆப்ஷன்களைப் படிக்கும் பகுதியை மெயினுக்குள் எழுதாமல், ஆர்க்சி, ஆர்க்வி, கட்டுருவின் சுட்டு ஆகியவற்றை ஏற்கும் தனிச் செயற்கூறாக எழுதி, பிழை வந்தால் அங்கேயே எக்ஸிட் செய்யாமல் ஓர் எண்ணைத் திருப்பித் தரச் செய்தால், செயற்கையாக அமைத்த ஆர்க்விகளைத் தந்து எளிதில் சோதிக்கலாம். ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஆப்ட்இண்ட்டை மீட்டமைக்க மறக்கக் கூடாது.

எந்த நிரலாக இருந்தாலும் நான் தவறாமல் தட்டிப் பார்ப்பவை இவை: ஆப்ஷனே இல்லாத கட்டளை, -என் மட்டும் தந்து மதிப்பை விடுவது, -என்5, -என் 5, -கியூஎன்5 ஆகிய மூன்றும் ஒரே எண்ணிக்கையிலான வரிகளைத் தருகின்றனவா என்பது, மதிப்பாக வெற்றுச் சரம், ‘5அ’, ‘-1’, ‘010’, இருபத்தைந்து இலக்கமுள்ள எண், தெரியாத எழுத்து, தெரியாத நீண்ட பெயர், -கியூவின் நீண்ட வடிவமான, மதிப்பு தேவைப்படாத --குவைட் ஆப்ஷனுக்குச் சமக்குறியிட்டு ஒரு மதிப்பு. இறுதியாக, -ஆர்எஃப் என்ற பெயரில் ஒரு கோப்பை வெற்று அடைவு ஒன்றில் உருவாக்கி, அங்கே நட்சத்திரக் குறியுடன் நிரலை இயக்கிப் பாருங்கள். ஷெல் அந்தப் பெயரை விரித்துத் தருவதால், நிரல் அதை ஆப்ஷன்களாகவே காணும். முதல்வரி அதைத் தெரியாத ஆப்ஷன் என்று மறுக்க வேண்டும். நட்சத்திரக் குறிக்கு முன் இரண்டு இடைக்கோடுகளை இட்டு மறுபடி இயக்கும்போது, அதே பெயரைக் கோப்பாக ஏற்று, அதன் முதல் பத்து வரிகளை அச்சிட வேண்டும்.